தாளில் சொன்னபடியே செய்தவள்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவர்கள். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி அன்று வேலை செய்யவில்லை; ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார்கள். பள்ளிகளுக்கான மெய்நிகர் ஆய்வகங்களில் இப்போது பேசுகிற வகையும் வந்துவிட்டதாம். மாணவர் தப்பான கம்பியைத் தொட்டால், "இன்னொரு தடவை யோசி" என்று இனிய குரலில் சொல்லுமாம். அதை மதிப்பிடும் வேலை இவர்களுக்கு வந்திருக்கிறது.

"எதை முதல்ல பாக்கணும் அக்கா?" என்று கேட்டாள் இளையவள்.

தேநீர் போடுகிறேன் என்று எழுந்துபோனேன். திரும்பி வந்து மழையைப் பற்றிப் பேசினேன். பதில் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. தட்டில் பிஸ்கட்டோடு நீட்டிவிடக்கூடிய பெயர் இல்லை அது. ஆகவே எழுதுகிறேன்.

நான் இயற்பியல் ஆசிரியை. பட்டம், பயிற்சி, முதல் பள்ளி, இரண்டாவது பள்ளி, எல்லாம் ஒரே நீண்ட மழைக்காலமாக ஓடிவிட்டது. எந்த ஊரிலும் மனம் ஒட்டாத பிறவி நான். மாற்றல் கேட்டு மனு எழுதியே கை தேர்ந்தது. எங்கே போனாலும் கூட வந்தது ஊசல் ஒன்றுதான். நூலில் தொங்கும் ஈயக் குண்டு. விட்டால் போகும், வரும். நாற்பது பிள்ளைகள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பார்கள். அந்த மௌனத்துக்காகவே நான் ஆசிரியையாக இருந்தேனோ என்று தோன்றும்.

அந்த வருடங்களில் ஒரு பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. செய்முறைத் தாள்களைத் திருத்தும்போது கண் தானாகத் தசமப் புள்ளிக்குப் பின்னால் போகும். நேரத்தை அளக்கும் கை நடுங்கும், முந்தும், பிந்தும். ஒரு கையின் பிசகு இன்னொரு கைக்கு வராது. இரண்டு தாளில் தசமங்கள் வரிசையாக ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது. எந்த இயற்பியல் ஆசிரியரை எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். நான் பிடித்த கள்ளத்தாள்கள் நூறு இருக்கும். ஒன்றுகூடத் தவறியதில்லை என்பது என் பெருமை.

பிறகு டத்தோ கிராமாட் பக்கம் இருந்த ஒரு சின்ன அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. பள்ளிகளுக்கு வரும் கற்பித்தல் கருவிகளை மதிப்பிடும் பிரிவு. மேலதிகாரி சாகுல் சார்.

சாகுல் சாரின் அப்பாவுக்கு நகரில் சாப்பாட்டுக் கடை இருந்தது. வாடிக்கையாளர் தட்டில் என்ன மிச்சம் வைக்கிறார் என்று பார்த்தே வளர்ந்தவர் அவர். அறிக்கைகளையும் அப்படித்தான் படிப்பார்: நீங்கள் சொன்னதைவிட, சொல்லாமல் ஒதுக்கியது எங்கே என்று. நின்றுகொண்டே படிப்பார். பால் சேர்க்காத தேநீரான தே ஓ ஒரு கையில் ஆறிக்கொண்டிருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் எழுத்தில் கொஞ்சம் காற்றடிக்கும் என்பதை முதல் வாரமே கண்டுகொண்டார்.

"அம்மா, நல்லா எழுதியிருக்கீங்க. கடல் இருக்கு, காத்து இருக்கு. ஊசல் எங்க இருக்கு?"

முழு அலுவலகமும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலையே வரிகளை வெட்டினேன்.

அவருடைய முறையைச் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருள் வந்தால் அதைத் திறக்கக் கூடாது. முதலில் அதே சோதனையை மேசையில், உண்மையான கருவிகளோடு, கையால் செய்ய வேண்டும். அளவுகளை மையில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் கணினி. அங்கேயும் சரியாகச் செய்துபார்ப்பது கடைசி வேலை. முதல் வேலை தப்பு செய்வது. அம்மீட்டரைத் தலைகீழாக இணைத்துப் பார். முள் பூச்சியத்துக்குப் பின்னால் உதைக்கிறதா? ஊசலை மிக அகலமாக இழுத்து விடு, கணக்கு கெடுகிறதா? மின்சுற்றுகளுக்காக வந்த ஒரு மென்பொருள் தப்பான இணைப்பை ஏற்கவே மறுத்தது. கம்பி பிடிவாதமாகத் தன் இடத்துக்கே திரும்பிப் போனது. சாகுல் சார் அதை அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார். "தப்பு பண்ண விடாத இடத்துல பிள்ளைங்க என்னத்த கத்துக்கும்?" என்றார், தே ஓவைப் பார்த்து.

மூன்றாவது படி பள்ளிக்குப் போவது. நாங்கள் மதிப்பிடும் மென்பொருளை ஒரு வகுப்பு பயன்படுத்தும். நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம். அதற்கு ஒரு வழிமுறைத் தாள் வேண்டும்: இதைத் திற, இந்த நீளத்தைக் கொடு, இரண்டு முறை அளந்து எழுது, அடுத்த நீளத்துக்குப் போ. அந்தத் தாள்களை எழுதுவது என் வேலை.

ஊசலுக்கான மென்பொருள் வந்தபோது மனத்துக்குள் எதிர்த்தபடியேதான் அதைத் திறந்தேன். திரையில் ஆடும் ஊசலுக்கு எடை ஏது? ஆனால் அது என்னை மயக்கிவிட்டது. நூலின் நீளத்தைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஊசல் பத்து முறை ஆடும், ஆன நேரம் பக்கத்தில் வரும். அந்த நேரம் புத்தகக் கணக்கின்படி துல்லியமாக வராது. மனிதக் கை பிடித்ததுபோல ஒரு சின்னப் பிசகு கலந்து வரும். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு முறை அழுத்திக்கொண்டே வந்தேன்; நான்காவதாக, ஐம்பது சென்டிமீட்டருக்கு ஒரு முறை 14.31 நொடி, இன்னொரு முறை 14.08. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையின் நடுக்கத்தைக்கூட யாரோ யோசித்திருக்கிறார்கள். "இது மூச்சு விடுகிறது" என்று முதல் அறிக்கையில் எழுதினேன். சாகுல் சார் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார், அடிக்கவில்லை. அவருக்கும் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பள்ளிச் சோதனைக்கு நிபோங் திபாலைத் தேர்ந்தோம். அங்கே ஒரு இடைநிலைப் பள்ளியில் ஆய்வகத்தின் கூரைப் பலகைகள் விழுந்து, அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள் வருடம் தொடங்கியதிலிருந்து ஊசலைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனேன். இயற்பியல் ஆசிரியை மாலதி வாசலிலேயே நின்றாள். பல வருடங்களுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். கணினி அறையில் இருபத்திரண்டு பேர்.

பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்தார்கள். பாதிப் பேர் என் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு ஊசலை ஆட்டிப் பார்த்தார்கள். ஒருவன் நூலை எவ்வளவு நீட்டலாம் என்று பார்த்தான். ஒருத்தி ஒரே நீளத்துக்கு ஆறு முறை பொத்தானை அழுத்தி, எப்போது ஒரே எண் வரும் என்று தோழியோடு பந்தயம் கட்டினாள். நான் அதையெல்லாம் குறித்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவது வரிசையில் துளசி. ஒல்லியான பெண். இடது கை விரல் என் தாளின் மேல், வரி வரியாக இறங்கியது. ஒரு வரி முடிந்ததும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. அவளுக்கு நேர் முன்னால் வெய் ஜியே, சீனப் பையன், வகுப்பின் முதல் மாணவன். அவன் திரை அவள் இருந்த இடத்திலிருந்து தெரியும். அவன் முதலில் முடித்தான். அவள் பத்து நிமிடம் கழித்து முடித்தாள்.

தாள்களைச் சேர்த்து அங்கேயே புரட்டினேன். கண் தன் பழைய வழியில் போனது. ஆறு நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு. வெய் ஜியேயின் பன்னிரண்டு எண்களும் துளசியின் பன்னிரண்டு எண்களும் கடைசித் தசமம்வரை ஒன்று. மற்ற இருபது தாளில் இப்படி எதுவும் இல்லை.

மாலதியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். துளசி அந்தப் பையனின் திரையைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றேன்.

மாலதி தாளை வாங்கிப் பார்த்தாள். "துளசியா? கொஞ்சம் மெதுவான பிள்ளைதான் அக்கா. ஆனா…"

அந்த 'ஆனா'வை நான் முடிக்க விடவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, பாலத்தில் நெரிசலாகிவிடும். துளசியின் தாளில் "பார்த்து எழுதியது" என்றும், இரண்டு தாளிலும் "கணக்கில் சேர்க்கவில்லை" என்றும் சிவப்பில் எழுதித் தனியே வைத்தேன். பிள்ளையைக் கூப்பிடவில்லை. அவள் அப்போது நாற்காலிகளை மேசைக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விட்டுப்போன நாற்காலிகளையும் சேர்த்து.

ஏன் அவள், ஏன் அவன் இல்லை? அவன் முன்னால் முடித்தான், அவள் பின்னால் முடித்தாள் என்று காரணம் சொல்லலாம். அதில் பாதிதான் உண்மை. மிச்சப் பாதியை எழுதக் கை கூசுகிறது. அவன் முதல் மாணவன். அவள் நம் பிள்ளை. நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

அறிக்கை எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. சாகுல் சார் வழக்கம்போல் நின்றுகொண்டு படித்தார். சிவப்பு மையிட்ட இரண்டு தாளுக்கு வந்ததும் தே ஓவை மேசையில் வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

"பார்த்தீங்களாம்மா?"

"எத சார்?"

"அந்தப் பிள்ள திரும்பி அவன் ஸ்கிரீன பார்த்தத."

இல்லை, ஆனால் எண்கள் ஒன்றாக இருக்கின்றன என்றேன். இருபத்தைந்து வருடத்து அனுபவத்தையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

"நம்பர் ஒன்னா இருக்கு. நீங்க பார்த்தது அது. அத எழுதுங்க. பார்த்து எழுதினான்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு பார்த்தது?"

அவர் துளசியின் தாளோடு இணைத்திருந்த வழிமுறைத் தாளை எடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சில் கோடு, ஒன்றுகூட விடவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கணினி முன்னால் போய் உட்கார்ந்து, மென்பொருளைப் புதிதாகத் திறந்து, என் தாளில் எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து செய்யத் தொடங்கினார். ஒரு பொத்தான் அதிகமில்லை, ஒன்று குறைவில்லை. வந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே போனார்.

நான் பின்னால் நின்றேன். நான்காவது நீளம் ஐம்பது சென்டிமீட்டர். திரையில் 14.31 வந்தது. பிறகு 14.08. துளசியின் தாளில் இருந்த அதே எண்கள்.

"நீங்க அடுத்த கம்ப்யூட்டர்ல செய்யுங்க" என்றார்.

செய்தேன். அதே பன்னிரண்டு எண்கள். மூடிவிட்டுத் திரும்பத் திறந்து செய்தேன். அதே பன்னிரண்டு.

விஷயம் இதுதான். அந்த மென்பொருள் கலந்த பிசகு தற்செயலானது இல்லை. ஏற்கனவே எழுதி வைத்த ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பட்டியலின் முதல் வரியிலிருந்து தொடங்கும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு வரி நகரும். விளையாடிய பிள்ளைகள், கூடுதலாக அழுத்தியவர்கள், பாதியில் திரும்பியவர்கள் எல்லாரும் பட்டியலில் வேறு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே வேறு வேறு எண்கள். பட்டியலின் தலையிலிருந்து வரிசையாக, ஒரு அழுத்தும் பிசகாமல் இறங்கியவர்களுக்கு மட்டும் ஒரே எண்கள். இருபத்திரண்டு பேரில் நான் எழுதிய தாளை அப்படியே பின்பற்றியவர்கள் இரண்டே பேர். ஒருத்தியை நான் தண்டித்தேன். அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நான் ஒருமுறைகூடச் செய்துபார்த்ததில்லை. எழுதியவள்தானே, தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

சாகுல் சார் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் நான் கேட்கவே இல்லை.

அவர் முன்னாலேயே மாலதிக்குப் போன் செய்தேன். மாலதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் போன மறுநாளே விஷயம், பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் கவனிக்கும் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போயிருக்கிறது. மேலிடத்து அதிகாரியே கண்டுபிடித்தது என்பதால் யாரும் மறுபடி விசாரிக்கவில்லை. துளசி முதலில் மறுத்தாள். மூன்றாம் நாள், பார்த்து எழுதினேன் என்று அவளே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டாள். நான்காம் படிவம் தொடங்கி சில வாரங்கள்வரை பாடங்களை மாற்றிக்கொள்ளலாம். அந்த அவகாசத்துக்குள் இயற்பியலை விட்டுவிட்டு வணிகப் பாடங்களுக்குப் போய்விட்டாள்.

"அவளே எழுதிக் குடுத்துட்டா அக்கா. அதனால நானும் நம்பிட்டேன்."

போனை வைத்தேன். நீங்களும் வருகிறீர்களா என்று சாகுல் சாரைக் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். "நான் வந்தா ஆபீஸ் சொன்னதா ஆயிடும். நீங்க சொன்னது, நீங்கதான் போகணும். அறிக்கை அப்புறம்."

மறுநாள் காலை போனேன். தலைமையாசிரியரின் அறையில் கணினியை வைத்து, அவரையே அந்தத் தாளின்படி செய்யச் சொன்னேன். எண்கள் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். துளசி எழுதிய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்தார்; அவள் விரும்பினால் இயற்பியலுக்குத் திரும்பலாம் என்றும் சொன்னார். பிறகு அறிவியல் வகுப்பில் போய் நின்று, தப்பு என்னுடையது, துளசி யாரையும் பார்த்து எழுதவில்லை என்று சொன்னேன். வெய் ஜியே கை தூக்கினான். அவள் தலை தன் திரையை விட்டு நிமிரவே இல்லை, எனக்குத் தெரியும், முன்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் அவள் தெரிந்தாள் என்றான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று மாலதி கேட்டாள். என்னை யாரும் கேட்கவில்லையே என்றான்.

நூலகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் துளசியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மின்னணுத் தொழிற்சாலையின் சீருடையில், நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். நடந்ததை முழுதாகச் சொன்னேன், பட்டியல், பொத்தான், தாள் எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். அம்மா மடியில் இருந்த தொழிற்சாலை அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு நாளு இல்லம்மா, இல்லம்மான்னு அழுதா டீச்சர். நான்தான் சொன்னேன், பெரிய டீச்சரெல்லாம் பொய் சொல்ல மாட்டாங்க, ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேளுன்னு. எழுதும்போது பக்கத்துல நின்னது நான்தான்."

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

துளசி அழவில்லை. தாளில் சொன்ன மாதிரியேதான் செய்தேன் டீச்சர் என்றாள், யாருக்கோ விளக்குவதுபோல. எனக்கு இப்போது தெரியும் என்றேன். இயற்பியலுக்குத் திரும்பி வா, தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார், விட்டுப்போன பாடங்களுக்கு நானே சனிக்கிழமைகளில் வருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாளு நெசமாவே ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வந்தா என்ன செய்வீங்க டீச்சர்?"

"உன்னக் கேப்பேன்."

"நான் இல்லன்னு சொன்னா நம்புவீங்களா?"

நம்புவேன் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம் நடுவே ஒரு அரை நொடி வந்து நின்றது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடி. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு இந்த வகுப்பே போதும் டீச்சர். மணி அடிக்கப் போவுது" என்றாள். அம்மாவைப் பார்த்து, "நீ வேலைக்குப் போம்மா, லேட்டாயிடும்" என்றாள். இருவரும் படியில் இறங்கி இரண்டு பக்கமாகப் போனார்கள்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். கடலும் காற்றும் இல்லாமல். மூச்சு விடுகிறது என்ற வரியை அடித்தேன். குறையைத் தயாரிப்பாளர்களுக்குத் தெரிவித்தோம். அவர்கள் மறுக்கவில்லை, இரண்டு மாதத்தில் திருத்தி அனுப்பினார்கள். இப்போது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிசகு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. அதே பள்ளிக்கு, அதே வகுப்புக்கு மறுபடி சோதனைக்குப் போனேன். அதே வழிமுறைத் தாள். இம்முறை நானே முதலில் முழுதும் செய்துபார்த்தது. இந்தத் தடவை எல்லாரும் வரிக்கு வரி அதன்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். செய்தார்கள்.

தாள்களை மாலதியின் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது சரியான முடிவுதான், இன்றும் அந்தப் பூட்டிய ஆய்வகப் பள்ளிகளில் பிள்ளைகள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கீழே, சோதனையில் பங்கெடுத்த மாணவர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்தொன்று என்று நிரப்பினேன்.